பாரில் முதல் காக்டெயில்: பெயரை விடுங்கள், சுவையைப் பிடியுங்கள்

நல்ல காக்டெயில் பார் ஒன்றில் முதன்முதலாக உட்காருபவருக்குப் பட்டியலைப் பார்த்ததுமே மலைப்பாக இருக்கும். நெக்ரோனி, டைக்கிரி, மன்ஹாட்டன், சைட்கார், டாம் காலின்ஸ் என்று வரிசையாக நாற்பது பெயர்கள். பெயரை வைத்து உள்ளே என்ன இருக்கிறதென்று ஊகிக்கவும் முடியாது. பலரும் கொஞ்ச நேரம் புரட்டிவிட்டு, தெரிந்த பீர் ஒன்றைச் சொல்லிவிடுவார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் இருந்தேன். ஒரு நாள் கவுன்ட்டருக்குப் பின்னால் நின்ற பார்டெண்டர், "பேரை விடுங்க. புளிப்பு பிடிக்குமா, கசப்பு பிடிக்குமா? அதை மட்டும் சொல்லுங்க" என்றார். அதற்குப் பிறகுதான் அந்தப் பட்டியல் எனக்குப் புரியத் தொடங்கியது.

காக்டெயில்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை நான்கு குடும்பங்களுக்குள் அடங்கிவிடும். குடும்பத்தை அடையாளம் கண்டுகொண்டால் புதுப் பெயர் எதுவும் பயமுறுத்தாது. இந்தக் கட்டுரை அதற்குத்தான். சட்டப்படி மது அருந்தும் வயதை எட்டியவர்களுக்காக எழுதுகிறேன். குடிக்காதவர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

1806 மே மாதம், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் என்ற ஊரில் வெளிவந்த செய்தித்தாள் ஒன்றுக்கு, காக்டெயில் என்றால் என்ன என்று ஒரு வாசகர் கேட்டு எழுதினார். ஏதாவது ஒரு ஸ்பிரிட், சர்க்கரை, தண்ணீர், பிட்டர்ஸ் ஆகியவை சேர்ந்த பானம் என்று ஆசிரியர் பதில் தந்தார். அச்சில் கிடைக்கும் மிகப் பழைய விளக்கம் இதுதான் என்று சொல்லலாம். ஸ்பிரிட் என்றால் காய்ச்சி வடித்த மது: விஸ்கி, ரம், ஜின் போன்றவை. பிட்டர்ஸ் என்பது மூலிகைகளையும் வேர்களையும் மரப்பட்டைகளையும் மதுவில் ஊறவைத்து எடுக்கும் கசப்புச் சாறு. சொட்டுக் கணக்கில்தான் விடுவார்கள். இன்று உலகெங்கும் பார்களில் நிற்கும் அங்கோஸ்டுரா பிட்டர்ஸை, யோஹான் சீகர்ட் என்ற ஜெர்மன் மருத்துவர் 1824-ல் வெனிசுவேலாவில் வயிற்றுக் கோளாறுக்கு மருந்தாகத் தயாரித்தார். அங்கோஸ்டுரா என்பது அவர் வாழ்ந்த ஊரின் அன்றைய பெயர்.

அந்த நான்கு பொருளையும் இன்றைக்கு ஒரு கிளாஸில் சேர்த்தால் கிடைப்பது ஓல்ட் ஃபேஷன்ட். விஸ்கி, கொஞ்சம் சர்க்கரை, இரண்டு மூன்று சொட்டு பிட்டர்ஸ், பெரிய ஐஸ் கட்டி ஒன்று, மேலே ஆரஞ்சுத் தோல். இதுதான் முதல் குடும்பம். ஸ்பிரிட்டின் சுவைதான் இதில் முன்னால் நிற்கும். மற்றவை அதன் முரட்டுத்தனத்தைக் கொஞ்சம் தணிக்கின்றன, அவ்வளவுதான். விஸ்கிக்குப் பதிலாக ரம்மோ டெக்கீலாவோ வைத்தாலும் குடும்பம் மாறாது.

இரண்டாவது குடும்பத்துக்கு சவர் என்று பெயர். புளிப்பு என்றுதான் அந்தச் சொல்லுக்குப் பொருள். ஸ்பிரிட், எலுமிச்சைச் சாறு, இனிப்பு. புதிதாகத் தொடங்குபவர் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஏனென்றால் காக்டெயிலில் சமநிலை என்று எதைச் சொல்கிறார்கள் என்பது இங்கேதான் நாக்குக்கே தெரியும். டைக்கிரியை எடுத்துக்கொள்ளுங்கள். கியூபாவில் சாந்தியாகோ நகருக்கு அருகிலுள்ள ஓர் ஊரின் பெயர் அது. 60 மி.லி. வெள்ளை ரம், 20 முதல் 25 மி.லி. வரை பச்சை எலுமிச்சைச் சாறு, ஏறக்குறைய அதே அளவு சர்க்கரைப் பாகு. மூன்றே பொருள். சாறு 5 மி.லி. கூடினால் பல் கூசும். பாகு 5 மி.லி. கூடினால் மிட்டாயாகிவிடும். சரியாக அமைந்தால் புளிப்பும் தெரியாது, இனிப்பும் தெரியாது. ரம் மட்டும் பளிச்சென்று தெரியும். மூன்றே பொருள் என்பதால் தவறை ஒளிக்க இடமில்லை. புதிய பாருக்குப் போனால் நான் முதலில் சொல்வது டைக்கிரிதான்.

இப்போது அதே எலும்புக்கூட்டில் சதையை மாற்றிப் பாருங்கள். ரம்முக்குப் பதில் டெக்கீலா, பாகுக்குப் பதில் ஆரஞ்சு லிக்கர் வைத்தால் மார்கரிட்டா. கோன்யாக் என்ற பிரெஞ்சு பிராந்தி, ஆரஞ்சு லிக்கர், எலுமிச்சை சேர்ந்தால் சைட்கார். விஸ்கி, எலுமிச்சை, பாகு என்றால் விஸ்கி சவர். (சில இடங்களில் நுரைக்காக முட்டையின் வெள்ளைக்கருவும் சேர்ப்பார்கள். முட்டை சாப்பிடாதவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.) ஜின், எலுமிச்சை, பாகு சேர்த்து மேலே சோடா ஊற்றினால் டாம் காலின்ஸ். ஐந்து பெயர்கள், ஒரே கணக்கு. லிக்கர் என்பது இனிப்பும் மணமும் சேர்த்த மது. அதனால்தான் பாகின் வேலையை அது செய்துவிடுகிறது.

மூன்றாவது, வெர்மூத் குடும்பம். வெர்மூத் என்பது மூலிகைகள் ஊறிய, கொஞ்சம் ஸ்பிரிட் கலந்து வலுவேற்றிய ஒயின். ஜின்னும் இனிப்பில்லாத வெர்மூத்தும் சேர்ந்தால் மார்ட்டினி. விஸ்கியும் இனிப்பு வெர்மூத்தும் பிட்டர்ஸும் சேர்ந்தால் மன்ஹாட்டன். ஜின், இனிப்பு வெர்மூத், சிவப்பு நிறக் கசப்பு மதுவான காம்பாரி மூன்றையும் சம அளவில் ஊற்றினால் நெக்ரோனி. 1919 வாக்கில் ஃபிளாரன்ஸ் நகரில் நெக்ரோனி என்ற பிரபு ஒருவர், தான் வழக்கமாகக் குடிக்கும் பானத்தில் சோடாவுக்குப் பதில் ஜின் ஊற்றச் சொன்னார் என்று கதை சொல்வார்கள். முதல் வாய் நெக்ரோனி பலருக்கும் முகம் சுளிக்க வைக்கும். இத்தாலியர்கள் இதைச் சாப்பாட்டுக்கு முன்னால் பசியைத் தூண்டக் குடிக்கிறார்கள். அபெரிட்டிவோ என்ற அந்த வழக்கத்தின் பொருள் தெரிந்தால் கசப்பும் பொருத்தமாகப் படும். ஒயின் போலவே வெர்மூத்தும் திறந்தபின் காற்றுப் பட்டுக் கெடும். குளிர்பதனப் பெட்டியில்தான் வைக்க வேண்டும். திறந்த வெர்மூத் பாட்டில் அலமாரியில் தூசி படிந்து நிற்கிற பாரில் மார்ட்டினி சொல்லாதீர்கள். அங்கே ஜின் டானிக் போதும்.

அதுதான் நான்காவது குடும்பம்: ஒரு ஸ்பிரிட், அதன்மேல் நிறைய சோடாவோ டானிக்கோ இஞ்சி பீரோ. பொதுப்பெயர் ஹைபால். விளக்கம் அதிகம் தேவையில்லாத குடும்பம் இது. டானிக் தண்ணீரின் கசப்பு சின்கோனா மரப்பட்டையிலிருந்து வரும் குவினைன். 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த ஆங்கிலேயர்கள் மலேரியாவுக்காக அதை எடுத்துக்கொண்டபோது ஜின்னோடு சேர்ந்ததுதான் ஜின் டானிக். இன்றைய டானிக்கில் இருப்பது மருந்துக்குப் போதாத சிறு அளவு. ஆனாலும் பாரில் புற ஊதா விளக்கு இருந்தால் கிளாஸைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள், குவினைன் நீலமாக ஒளிரும்.

தண்ணீரும் ஒரு சேர்மானம்

1806-ன் விளக்கத்தில் தண்ணீர் என்ற சொல் இருந்ததைக் கவனித்தீர்களா? காக்டெயிலில் எல்லோரும் மறந்துவிடுகிற பொருள் அது. பார்டெண்டர் குழாயைத் திறந்து ஊற்றுவதில்லை, அதனால் நம் கண்ணில் படுவதில்லை. ஐஸ் வழியாக அது உள்ளே போகிறது.

ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி குளிர்விக்க ஒரு கலோரி வெப்பத்தை எடுத்தால் போதும். ஒரு கிராம் ஐஸ் உருகும்போதோ ஏறக்குறைய 80 கலோரி வெப்பத்தைச் சுற்றியுள்ள பானத்திலிருந்து இழுத்துக்கொள்கிறது. ஆகவே பானம் குளிர்வது முக்கியமாக ஐஸ் உருகுவதால்தான். உருகாமல் குளிர்விக்க வேண்டும் என்று கேட்பது நடக்காத காரியம். ஷேக்கரில் பத்துப் பன்னிரண்டு விநாடி குலுக்கினால் பானம் பூஜ்யத்துக்கும் கீழே போய்விடும், கூடவே நல்ல அளவு தண்ணீரும் சேர்ந்துவிடும். கிளாஸில் வந்து சேரும் திரவத்தில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து கால் பங்கு வரை இப்படி வந்த தண்ணீராக இருக்கலாம். அது கலப்படம் அல்ல. 40 சதவீத மதுவின் எரிச்சல் நாக்கை மரத்துப்போகச் செய்யும்; தண்ணீர் அதைத் தணித்த பிறகுதான் பழமணமும் மரமணமும் மேலே வருகின்றன.

"ஐஸ் கம்மியா போடுங்க, சரக்கு நிறைய வரும்" என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது தப்புக் கணக்கு. ஸ்பிரிட் ஜிக்கர் என்ற சிறு அளவுக் குவளையில் அளந்துதான் ஊற்றப்படுகிறது. ஐஸ் குறைந்தாலும் அதன் அளவு அதிகமாகாது. நான்கே துண்டு ஐஸ் இருந்தால் பானம் சரியாகக் குளிராது, அந்த நான்கும் சீக்கிரம் உருகித் தண்ணீராகிவிடும். கிளாஸ் நிறைய ஐஸ் இருந்தால் ஒன்றையொன்று குளிர்ச்சியாக வைத்துக்கொண்டு மெதுவாக உருகும். பெரிய ஒற்றைக் கட்டியைப் பயன்படுத்துவதும் இதற்காகத்தான்: அதே எடையைச் சிறு துண்டுகளாக்கினால் பானத்தைத் தொடும் பரப்பு பல மடங்கு கூடிவிடும்.

குலுக்குவதா, கிளறுவதா என்ற கேள்விக்கும் விடை இங்கேயே இருக்கிறது. எலுமிச்சைச் சாறு, முட்டை, க்ரீம் சேர்ந்தவற்றைக் குலுக்குவார்கள். எளிதில் கலக்காத பொருட்கள் அப்போதுதான் கலக்கும். நுண்ணிய காற்றுக்குமிழ்களும் புகுந்து பானம் மங்கலாக, லேசாக இருக்கும். மதுவகைகள் மட்டுமே உள்ள மார்ட்டினி, மன்ஹாட்டன் போன்றவற்றை நீண்ட கரண்டியால் ஐஸோடு கிளறுவார்கள். கண்ணாடிபோல் தெளிவாக, வாயில் வழுக்கிக்கொண்டு போகும். கவுன்ட்டரில் உட்கார்ந்து இந்த இரண்டு வேலையையும் கவனிப்பது எனக்கு இன்றும் அலுக்கவில்லை. மேசையைவிடக் கவுன்ட்டரில் இடம் கேட்பதே நல்லது.

பாட்டிலுக்குள் இருப்பது

ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று மதுவையும் கரியமில வாயுவையும் வெளிவிடுகிறது. இது நொதித்தல். பீரும் ஒயினும் இந்தக் கட்டத்தோடு நின்றவை. மதுவின் அளவு 15 சதவீதத்தைத் தாண்டும்போது பெரும்பாலான ஈஸ்ட் வகைகளால் உயிர்வாழ முடியாது. அதற்குமேல் வலு வேண்டுமானால் காய்ச்சி வடிக்க வேண்டும். எத்தனால், அதாவது ஈஸ்ட் உண்டாக்கிய அந்த மது, 78 டிகிரி செல்சியஸ் அளவில் கொதிக்கும், தண்ணீர் 100-ல். சூடாக்கும்போது முதலில் எழும் ஆவியில் மது அதிகம். அதைக் குளிர்வித்துச் சொட்டுச் சொட்டாகப் பிடித்தால் ஸ்பிரிட். முதலில் வருவதையும் கடைசியில் வருவதையும் ஒதுக்கிவிட்டு நடுப்பகுதியைத்தான் குடிப்பதற்கு எடுப்பார்கள். அராக் என்ற பழைய அரபுச் சொல்லுக்கு வியர்வை என்று பொருள். பாத்திரத்தில் துளிகள் அரும்பி வழிவதைப் பார்த்தவர்கள் வைத்த பெயர்.

எதை நொதிக்க வைத்தார்கள் என்பதுதான் பெயர்களுக்கு அடிப்படை. தானியம் என்றால் விஸ்கி. கரும்பு அல்லது வெல்லக்கழிவுப் பாகு என்றால் ரம். திராட்சை என்றால் பிராந்தி. பிரான்சின் கோன்யாக் பகுதியில் விதிப்படி செய்ததுதான் கோன்யாக். மெக்சிகோவின் நீல அகாவே செடி என்றால் டெக்கீலா. சுவை நடுநிலையாக வரும்வரை வடித்தெடுத்தது வோட்கா. அப்படிப்பட்ட நடுநிலை மதுவுக்கு ஜூனிப்பர் காயின் மணம் ஏற்றினால் ஜின்.

விஸ்கி வடித்த அன்று வோட்காபோல் நிறமில்லாமல்தான் இருக்கும். நிறமும் வனிலா மணமும் ஓக் பீப்பாயிலிருந்து வருகின்றன. ஸ்காட்ச் விஸ்கி ஓக் பீப்பாயில் குறைந்தது 3 வருடம் இருந்தாக வேண்டும். அமெரிக்காவின் பர்பன் விஸ்கிக்குத் தானியத்தில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளமும், உட்புறம் கருக்கிய புதிய ஓக் பீப்பாயும் கட்டாயம். ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து வருடத்துக்கு ஏறக்குறைய 2 சதவீதம் ஆவியாகிப் போகிறது. தேவதைகளின் பங்கு என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அடர்ந்த நிறம் இருந்தால் பழைய விஸ்கி என்று நினைக்க வேண்டாம்; ஸ்காட்ச்சில் நிறத்துக்காகக் கேரமல் சேர்க்க விதியே அனுமதிக்கிறது.

பாரில் அடிக்கடி கேட்கும் மூன்று சொற்கள்: நீட் என்றால் எதுவும் சேர்க்காமல், குளிர்விக்காமல். ஆன் தி ராக்ஸ் என்றால் ஐஸ் மேல். அப் என்றால் ஐஸில் குளிர்வித்து, ஐஸை வடிகட்டிவிட்டுத் தண்டுள்ள கிளாஸில் தருவது. அந்தக் கிளாஸைத் தண்டில்தான் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் கைச்சூட்டில் பானம் வெதுவெதுப்பாகிவிடும்.

ஹேப்பி ஹவர்

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களில் வீரர்களுக்கான பொழுதுபோக்கு நேரத்துக்கு இந்தப் பெயர் இருந்தது: குத்துச்சண்டை, இசை, படம். பிற்பாடு அது, வேலை முடிந்தும் இரவுக் கூட்டம் வராத மாலை நேரத்தில் பார்கள் தரும் விலைக்குறைப்புக்குப் பெயரானது. எல்லா ஊரிலும் இது கிடைக்காது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1984-லும், அயர்லாந்து 2003-லும் இதைத் தடை செய்தன. குறைந்த நேரத்தில் நிறையக் குடிக்கத் தூண்டுகிறது என்பதுதான் காரணம். அந்தக் கவலை நியாயமானது.

புதியவருக்கு இதில் ஒரு நன்மையும் இருக்கிறது. கூட்டம் குறைவு, பார்டெண்டருக்குப் பேச நேரம் இருக்கும், பிடிக்குமோ பிடிக்காதோ என்று தயங்கும் பானத்தைக் குறைந்த செலவில் ஒருமுறை சுவைத்துப் பார்க்கலாம். எந்தெந்தப் பானத்துக்குச் சலுகை என்று முதலிலேயே கேளுங்கள். சாறு அன்றன்றைக்குப் பிழிந்ததா என்றும் கேளுங்கள். பாட்டிலில் அடைத்த புளிப்புக் கலவையில் செய்த சவர், சலுகை விலையில் கிடைத்தாலும் வீண்தான்.

அப்புறம், அளவு. ஒன்றுக்கு ஒன்று இலவசம் என்று பலகை சொன்னாலும் ஈரல் ஒன்றுதான். 60 மி.லி. விஸ்கியில் 40 சதவீதம் என்றால் 24 மி.லி. மது, எடையில் ஏறக்குறைய 19 கிராம். பல நாடுகளில் 10 கிராமை ஓர் அளவு என்று வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் ஒரு ஓல்ட் ஃபேஷன்ட் கிட்டத்தட்ட இரண்டு அளவு. ஒரு மணி நேரத்தில் உடலால் கரைக்க முடிவது சுமார் ஓர் அளவுதான். புளிப்பும் இனிப்பும் மதுவின் எரிச்சலை மறைத்துவிடும் என்பதால் சவர் குடும்பத்தில் இதை மறப்பது சுலபம். வெறும் வயிற்றில் தொடங்காதீர்கள், ஒவ்வொரு பானத்துக்கும் நடுவில் ஒரு கிளாஸ் தண்ணீர் குடியுங்கள். காபியோ குளிர்ந்த நீரில் குளியலோ போதையை இறக்காது, நேரம் மட்டுமே இறக்கும். குடித்த அன்று வண்டியைத் தொடக் கூடாது. மருந்து எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் அறவே தவிர்க்க வேண்டும். உடல்நலத்துக்குப் பாதுகாப்பான மது அளவு என்று எதுவும் இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லியிருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டே குறைவாக, நல்லதாக, மெதுவாகக் குடிக்க வேண்டும் என்பதுதான் என் நிலைப்பாடு. ஒரு மாலைக்கு இரண்டுக்கு மேல் போனால் எனக்கு எந்தச் சுவையும் நினைவில் நிற்பதில்லை.

குடிக்காத நண்பரையும் தயங்காமல் அழைத்துப் போகலாம். புளிப்பு, இனிப்பு, கசப்பு, தண்ணீர், குளிர்ச்சி என்ற அதே கணக்கு மது இல்லாமலும் வேலை செய்யும். "இனிப்பு குறைவா, கொஞ்சம் கசப்பா, மது இல்லாம" என்று சொன்னால் நல்ல பார்டெண்டர் பழச்சாறு கலவையோடு நிறுத்திக்கொள்ள மாட்டார்.

இந்தக் கலை ஒருமுறை ஏறக்குறைய அழிந்தது. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தபோது தேர்ந்த பார்டெண்டர்கள் பலர் வேறு தொழிலுக்கும் வேறு நாடுகளுக்கும் போய்விட்டார்கள். பின்னாளில் பொடியும் பாட்டில் கலவையும் பிழிந்த சாற்றின் இடத்தைப் பிடித்தன. ஜப்பானிய பார்கள் பழைய நுணுக்கத்தை விடாமல் காத்தன. நியூயார்க்கில் சாஷா பெட்ராஸ்கி 1999 கடைசியில் தொடங்கிய மில்க் அண்ட் ஹனி என்ற சிறிய பார், அளந்து ஊற்றுவதையும் அன்றன்று பிழிந்த சாற்றையும் பெரிய ஐஸ் கட்டியையும் மறுபடி வழக்கத்துக்குக் கொண்டுவந்தவற்றில் முக்கியமானது. இன்று நீங்கள் போகும் பாரில் இந்த மூன்றும் இருந்தால் அந்த மறுமலர்ச்சியின் கைவரிசை அது.

முதல் மாலைக்கு என் யோசனை இது. கவுன்ட்டரில் உட்காருங்கள். விரலைச் சொடுக்கிக் கூப்பிட வேண்டாம், கண்ணைப் பார்த்தால் வருவார். பிடித்த ஸ்பிரிட், பிடித்த சுவை, வலுவாகவா லேசாகவா என்ற மூன்றையும் சொல்லுங்கள். முதலில் ஒரு டைக்கிரி. அது சூடேறும் முன் குடித்துவிட வேண்டும். பிறகு சாப்பாடு, தண்ணீர். அதன்பின் பெரிய ஐஸ் கட்டியோடு ஒரு ஓல்ட் ஃபேஷன்ட். மேலே பிழிந்த ஆரஞ்சுத் தோலின் எண்ணெயை முகர்ந்துவிட்டு முதல் வாய் குடியுங்கள், காரமாக இருக்கும். ஐந்து நிமிடம் விட்டு இன்னொரு வாய், பத்து நிமிடத்தில் மற்றொன்று. கட்டி உருக உருக ஒரே கிளாஸில் பானம் மாறிக்கொண்டே வரும். எந்த இடத்தில் உங்களுக்கு மிகவும் பிடித்தது என்று பார்த்து வைத்துக்கொண்டு, அடுத்தமுறை "இன்னும் கொஞ்சம் கூடுதலா கிளறுங்க" என்றோ "குறைச்சலா" என்றோ சொல்லிப் பாருங்கள்.